போலீஸ் பிடித்தால் முதல் 24 மணி நேரம்: வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், பையனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்றால் அம்மாவும் மாமாவும் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, ஓடுவார்கள். "நாளைக்கு வாங்க" என்று சொன்னால் அப்படியே வீடு திரும்பிவிடுவார்கள். தயவுசெய்து திரும்பாதீர்கள். அந்த முதல் நாளில்தான் நம்மால் ஏதாவது செய்ய முடியும்.

கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. எதற்காகப் பிடித்தார்கள் என்ற காரணத்தைச் சீக்கிரமே சொல்ல வேண்டும். பிடிபட்டவர் தான் விரும்பும் வழக்கறிஞரிடம் பேசலாம். 24 மணி நேரத்துக்குள், வழிப்பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் அதற்கு மேல் லோக்காப்பில் வைக்க முடியாது. (சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தில் பிடித்தால் கணக்கு வேறு, போலீஸ் காவல் 28 நாள் வரை போகலாம்.)

விசாரணை தொடங்கும் முன்பே குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு சொல்கிறது. சாட்சியத்தை அழிப்பார்கள், கூட்டாளி தப்பிவிடுவான் என்ற மாதிரிக் காரணம் இருந்தால் மட்டும் தள்ளிப்போடலாம். அதற்கும் டிஎஸ்பி அல்லது அவருக்கு மேற்பட்ட அதிகாரி உத்தரவு தர வேண்டும். ஆகவே "யார் உத்தரவு?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

பையன் பெயர், முகவரி சொன்னால் போதும். மற்ற கேள்விகளுக்கு "சாயா அக்கான் ஜாவாப் டி மஹ்காமா", அதாவது நீதிமன்றத்தில் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிடலாம். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

அப்புறம் ரிமாண்ட், அதாவது விசாரணைக்காக மாஜிஸ்திரேட் அனுமதிக்கும் காவல். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்றால் முதலில் 4 நாள், அடுத்து 3 நாள், அவ்வளவுதான் உச்சவரம்பு. அதைவிடப் பெரிய குற்றத்துக்கு 7, பிறகு 7. போலீஸ் கேட்டவுடன் முழு நாளும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குறைத்துக் கொடுங்கள் என்று வழக்கறிஞர் வாதாடலாம். வழக்கறிஞருக்குக் காசு இல்லையே என்று மலைக்காதீர்கள். குடிமக்களுக்கு ரிமாண்டில் இலவசமாக வாதாட தேசிய சட்ட உதவி அறவாரியம், அதாவது ஒய்பிஜிகே, இருக்கிறது.

உள்ளே அடித்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் அங்கேயே காயத்தைக் காட்டி, மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். வழக்கறிஞரைப் பார்த்ததும் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.