பிளக் செருகிய நொடியே இன்ஜின் ஓடுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்

ரேடியோ மூலம் இயக்கும் பெரிய மாடல் விமானங்களில் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு மின்சார மோட்டார் பொருத்தித் தருவது என் வேலையில் ஒரு பகுதி. அதிகம் வருவது டைகர் மாத். பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் செய்த இந்த இரட்டை இறக்கை விமானம் முதலில் பறந்தது 1931-ல். நம் விமானப்படையின் பழைய தலைமுறை விமானிகள் பலர் இதில் பயிற்சி எடுத்தவர்கள். அசல் விமானத்தின் இறக்கை அகலம் 8.94 மீட்டர். கால் அளவு மாடலில் அது 2.24 மீட்டர் ஆகும், எடை எட்டு ஒன்பது கிலோ வரும்.

இதைக் கட்டுகிறவர்களின் பொறுமை பெரியது. பால்சா மரத்தில் ஒவ்வொரு விலாவையும் அறுத்து, தேய்த்து, ஒட்டி, துணி போர்த்தி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அவ்வளவு கவனமாக இருக்கிறவர்கள்கூட மோட்டார் என்றதும் கொஞ்சம் அசட்டையாகிவிடுகிறார்கள். பெட்ரோல் நாற்றம் இல்லை, சத்தம் இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்ற நினைப்பு. இது தவறு.

பெட்ரோல் இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்பது காதுக்குத் தெரியும். மின்மோட்டார் அப்படிச் சொல்லாது. பேட்டரியை இணைத்துவிட்டால் ப்ரொப்பெல்லர் அசையாமல் நிற்கும், ஆனால் அடுத்த நொடியே முழு வேகத்தில் சுழலத் தயாராக இருக்கும். வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் குச்சியில் சட்டை உரசினாலும் போதும். கையில் பிடித்து இயக்கும் ட்ரான்ஸ்மிட்டரில் வேறு மாடலின் அமைப்பு தேர்வாகியிருந்தாலும் போதும். இன்னொரு விஷயம், பெட்ரோல் இன்ஜினில் கை மாட்டினால் பல நேரம் இன்ஜின் நின்றுபோகும். காயம் அப்போதும் கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் மின்மோட்டாரில் எதிர்ப்பு வந்து வேகம் குறைந்தால், அது இழுக்கும் மின்னோட்டம் ஏறும், சுழற்றும் விசையும் கூடும். 20 அங்குலத்துக்கு மேற்பட்ட ப்ரொப்பெல்லர் அந்த விசையோடு திரும்பத் திரும்ப வெட்டினால் விரல் மிஞ்சாது.

அதனால் என்னிடம் வரும் எந்தப் பெரிய மாடலுக்கும் முதலில் நான் கேட்பது ஆர்மிங் பிளக். மோட்டாருக்கும் அதன் பேட்டரிக்கும் இடையே, வெளியிலிருந்து செருகி எடுக்கும் ஒரு சின்ன இணைப்பு, அவ்வளவுதான். அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். விமானத்தின் பக்கவாட்டில், கீழ் இறக்கைக்கு மேலே, ப்ரொப்பெல்லருக்கு நன்றாகப் பின்னால் இருக்க வேண்டும். செருகும் கை ப்ரொப்பெல்லர் வட்டத்தைத் தாண்டவே கூடாது. கவுலிங்கை, அதாவது மூக்கை மூடும் உறையை, கழற்றி, மூக்குப் பக்கம் குனிந்து பேட்டரி கனெக்டரைச் செருகும் அமைப்பை எவ்வளவு அழகாகச் செய்து கொண்டுவந்தாலும் நான் ஏற்பதில்லை.

ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்களுக்கும் தனி பேட்டரி கொடுத்துவிடுங்கள். இதனால் பெரிய வசதி ஒன்று கிடைக்கிறது. ஆர்மிங் பிளக் வெளியே இருக்கும்போதே எலிவேட்டர், ரட்டர் (வாலில் உள்ள அசையும் பலகைகள்), எய்லரான் (இறக்கையில் உள்ளவை) எல்லாவற்றையும் நிதானமாகச் சோதிக்கலாம். (டைகர் மாத்தில் எய்லரான் கீழ் இறக்கையில் மட்டும்தான், மேலே கிடையாது.) மோட்டார் பேட்டரி தீர்ந்துபோனாலும் விமானம் கைவசம் இருக்கும். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நிற்கும் ஏற்பாடுதான் ஃபெயில்சேஃப். அதன் சோதனைக்கு ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரை மெதுவாக ஓட்டி, ட்ரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் அன்று பறக்க வேண்டாம்.

அடுத்தது எத்தனை செல் என்ற கேள்வி. இந்த வகை நிதானமான விமானத்துக்குக் கிலோவுக்கு 200 வாட் போதும், ஆக சுமார் 1,800 வாட். 6 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் சுமை ஏறும்போது 21 வோல்ட் நின்றால் கிட்டத்தட்ட 86 ஆம்பியர் ஓட வேண்டும். 12 செல் என்றால் 42 வோல்ட்டில் 43 ஆம்பியர். கம்பியில் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது மின்னோட்டம் பாதியானால் அதே கம்பியில் வெப்பம் கால் பங்குதான். பெரிய மாடலுக்கு 12 செல் என்று நான் சொல்வது இதனால்தான்.

12 செல் முழு சார்ஜில் 50.4 வோல்ட் இருக்கும். வீட்டு மின்சாரத்தைப் போல ஷாக் அடிக்காது என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். ஒரு ஸ்பேனரோ மோதிரமோ இரண்டு முனைகளையும் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், உலோகம் உருகும், தோல் கருகும். வேலை செய்யும்போது மோதிரம், வாட்ச், கைக்காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். இரண்டு 6 செல் பேட்டரிகளைத் தொடராக இணைப்பவர்கள், அந்த இரண்டுக்கும் நடுவிலான இணைப்பையே ஆர்மிங் பிளக் ஆக்கிக்கொள்ளலாம். பிளக் வெளியே இருக்கும்வரை சுற்று முழுமையாகாது. பேட்டரிகள் ஒரே வயது, ஒரே கொள்ளளவு, ஒரே சார்ஜ் நிலையில் இருக்க வேண்டும். பிளக் செருகும்போது வரும் பெரிய தீப்பொறிக்குக் காரணம், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியில் உள்ள கப்பாசிட்டர்கள் ஒரே நொடியில் நிரம்புவது. உள்ளே ரெசிஸ்டர் வைத்த எக்ஸ்டி90-எஸ் மாதிரியான கனெக்டர் அதைத் தடுக்கும்.

பிளக்கைப் பின்னால் தள்ளினால் பேட்டரியிலிருந்து ஈஎஸ்சி வரை கம்பி நீளும், நீண்ட கம்பி ஈஎஸ்சிக்கு எமன். ஒவ்வொரு முறை மின்னோட்டம் வெட்டப்படும்போதும் கம்பியின் தூண்டல் மின்னழுத்தத்தை எகிற வைத்து, கப்பாசிட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, தேவைக்கு மேல் ஒரு அங்குலமும் விடாமல் வெட்டி, 63 வோல்ட் தாங்கும் கூடுதல் கப்பாசிட்டர்களை ஈஎஸ்சி வாசலிலேயே வையுங்கள். நீட்டியே ஆக வேண்டுமென்றால் மோட்டார் பக்கத்து மூன்று கம்பிகளை நீட்டுங்கள்.

அப்புறம் எடைச் சமநிலை. பெட்ரோல் இன்ஜின் போன இடத்தில் இலேசான மோட்டார் வருவதால் வால் கனத்துவிடும். சும்மா ஈயம் கட்டுவதைவிட பேட்டரியை மூக்குக்குக் கொண்டுபோவதே சரி. ஆனால் 12 செல், 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரைக் கிலோ கிட்ட இருக்கும். உயரமான புல்லில் இறங்கி விமானம் மூக்குக் குத்தினால் அந்த எடை முழுவதும் முன்னால் பாயும். வெல்க்ரோ மட்டும் போதாது. கெட்டியான பிர்ச் ப்ளைவுட் பெட்டி, குறுக்கே பட்டைகள், முன்னால் கொஞ்சம் இடைவெளி, அதில் ஃபோம். கூரான திருகு எதுவும் பேட்டரியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கவுலிங்கில் காற்று நுழையும் வழியைவிட வெளியேறும் வழி பெரிதாக இருக்கட்டும்.

மூக்குக் குத்திய பேட்டரி பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். அதை நம்பிக் காருக்குள் போடாதீர்கள். உள்ளே நசுங்கிய செல் சற்று நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். வெட்டவெளியில், தரையில், எதற்கும் எட்டாமல் ஒரு மணி நேரமாவது வைத்துக் கவனியுங்கள். பிடித்துவிட்டால் அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது, நச்சு. நல்ல பேட்டரியைக்கூட நம் ஊர் மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் விடக் கூடாது.

சார்ஜ் செய்யும்போது எல்லா செல்லையும் ஒரே அளவுக்கு நிரப்பும் பேலன்ஸ் முறையில், 5,000 பேட்டரிக்கு 5 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், படுக்கையறையும் மரமேஜையும் வேண்டாம். உப்பிய பேட்டரியைச் சார்ஜரில் போடவே கூடாது. காற்று பலமாக அடித்து அன்று பறக்க முடியாமல் திரும்பிவிட்டால், முழு சார்ஜிலேயே அடுத்த ஞாயிறு வரை வைத்திருக்க வேண்டாம். அன்று மாலையே சார்ஜரின் ஸ்டோரேஜ் முறையில் போட்டு, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வையுங்கள்.