சர்வர் ரேக்கும் வட்டிக்கு வட்டியும்

மதுரை சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம் பார்க்கும் வாசகர் ஒருவர், சர்வர் என்கிற அலுவலகப் பொதுக் கணினியை அடுக்கி வைக்கும் ரேக் என்ற இரும்பு அலமாரியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "ரேக்கில் பாதிக்கு மேல் காலிதான், ஏசியும் 18-ல் ஓடுகிறது. ஆனாலும் சித்திரை வெயிலில் சர்வர் சூடாகிவிட்டதென்று கத்துகிறது. இன்னும் பெரிய ரேக் வாங்கவா?"

வேண்டாம் சார். இருக்கிற காலி இடத்தை முதலில் மூடி அடைத்துவிடுங்கள்.

அளவு விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். முகப்பு அகலம் 19 அங்குலம், தொலைபேசி நிலையக் காலத்திலிருந்து வரும் கணக்கு. உயரத்துக்கு 'யு', ஒரு யு என்றால் 1.75 அங்குலம். எல்லாரும் ஏமாறுவது ஆழத்தில்தான்: 600 மிமீ பெட்டியில் நெட்வொர்க் சுவிட்சும், கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனலும் அடங்கும், பெரும்பாலான சர்வர் அடங்காது, 1000 மிமீ பார்த்து வாங்குங்கள். கதவு கண்ணாடி வேண்டாம், சல்லடை மாதிரி துளை போட்டது. கனமான யுபிஎஸ் அடித்தட்டில். அவ்வளவுதான்.

இப்போது காற்றுக்கு வருவோம். சர்வர் தின்கிற மின்சாரம் அநேகமாக அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். 500 வாட் சர்வர், உள்ளே போகும் காற்றை 10 டிகிரி மட்டும் சூடாக்கி அனுப்ப வேண்டுமென்றால் நொடிக்கு 42 லிட்டர் காற்று வேண்டும், ஏறக்குறைய மூன்று குடம். அதன் விசிறிகள் முன்னால் உறிஞ்சிப் பின்னால் தள்ளுகின்றன, அதனால் முன்பக்கம் அழுத்தம் கொஞ்சம் குறைவு, பின்பக்கம் கொஞ்சம் அதிகம். நடுவில் காலி யு இருந்தால் காற்றுக்கு அது சந்து. பின்னால் போன சூடு அந்தச் சந்து வழியே முன்னால் வந்து மறுபடி சர்வரின் மூக்கில் ஏறுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஏசிக் காற்று 24 டிகிரி, சர்வர் உறிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்கு பின்னாலிருந்து திரும்பி வந்தது என்று வையுங்கள். சர்வர் ஏற்றும் அந்த 10 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது முதல் சுற்றில் 3.3 டிகிரி கூடும். கூடிய அந்தச் சூடும் சேர்ந்துதானே வெளியே போகிறது, அதிலும் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வரும், இன்னொரு 1.1, அப்புறம் 0.4... வட்டிக்கு வட்டி! நல்லவேளை, ஒவ்வொரு சுற்றிலும் வட்டி குறைவதால் மொத்தம் 5 டிகிரியில் நின்றுவிடும், பத்தாம் வகுப்புப் பெருக்குத் தொடர்தான். அதுவே பாதிக் காற்று திரும்பினால் 10 டிகிரி ஏறி, சர்வர் 34 டிகிரியைச் சுவாசிக்கும். 27-க்குள் இருந்தால் நல்லது என்பது பொதுவான பரிந்துரை.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், சூடாகிற சாமான் அக்னி மூலையில்தான் இருக்க வேண்டுமென்று யாரோ சொல்லி, ரேக்கின் முதுகைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டார்கள். பின்னால் கேபிள் வைக்கோல் போர் மாதிரி, வெப்பம் வெளியேற வழியே இல்லை. சர்வர் அடிக்கடி படுத்ததும் திருஷ்டி என்று பின்கதவில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். நாலே நாளில் பழம் சுருங்கிப்போக, பார்த்தீர்களா எவ்வளவு கண் என்றார்கள். எனக்கென்னவோ அந்த அறையில் ஒழுங்காக வேலை செய்த ஒரே வெப்பமானி அதுதான் என்று தோன்றியது.

உங்களுக்குப் பழம்கூட வேண்டாம். பூ கட்டும் நூலில் ஒரு சாண் எடுத்து, காலி யுவின் மேல் விளிம்பில் முன்பக்கமாக ஒட்டித் தொங்கவிடுங்கள். நூல் உங்களை நோக்கிப் பறந்தால் சூடு திரும்பி வருகிறது என்று அர்த்தம். பிளாங்கிங் பேனல் என்று கேட்டால் வெறும் மூடித் தகடு கொடுப்பார்கள், அதை மாட்டுங்கள், பின்னால் கேபிளை ஓரமாகக் கட்டுங்கள். அதற்கப்புறம் ஏசியை 24-க்கு ஏற்றிப் பாருங்கள்.