எச்.ஐ.வி.: டம்ளரைப் பற்றிய பயமும் தேதியைப் பற்றிய அலட்சியமும்

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னால் ஆலோசகரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் டம்ளர், துண்டு, கழிப்பறை, கொசு பற்றித்தான். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு எழுந்து நின்ற பிறகு, "அப்புறம் மேடம், இன்னொரு விஷயம்..." என்று இழுப்பார்கள். வந்ததே அந்த இன்னொரு விஷயத்துக்காகத்தான் இருக்கும். அதனால் டம்ளர் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுவது என் வழக்கம். இங்கேயும் அப்படியே செய்துவிடுகிறேன்.

ரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் ஆசனவாயிலும் சுரக்கும் திரவம், தாய்ப்பால். இவற்றில் ஒன்று, உடலின் உட்பக்க மென்சவ்வு வழியாகவோ திறந்த காயம் வழியாகவோ ஊசி வழியாகவோ இன்னொருவர் உடலுக்குள் போனால்தான் எச்.ஐ.வி. தொற்றும். எச்சில், வியர்வை, கண்ணீர் வழியாகப் பரவாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே படுக்கையில் தூங்கலாம், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். கொசு நம்மைக் கடிக்கும்போது உள்ளே செலுத்துவது தன் எச்சிலை. முன்பு கடித்தவரின் ரத்தத்தை அல்ல. தவிர, மலேரியாக் கிருமி போல இந்த வைரஸ் கொசுவின் உடலில் பெருகுவதும் இல்லை, செரித்துப்போய்விடும். சவர பிளேடையும் பல் துலக்கும் பிரஷையும் பகிர வேண்டாம் என்று நாங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அதற்குப் பெரிய காரணம் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள்.

ஊசி மட்டும் வேறு கதை. வெளியே சிந்திக் காய்ந்த ரத்தத்தில் இந்த வைரஸ் சீக்கிரம் வலுவிழந்துவிடும். சிரிஞ்சுக்குள் தேங்கிய ரத்தத்தில் பல நாட்கள்கூடத் தாக்குப்பிடிக்கும். போதை ஊசியைப் பகிர்வது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். உடம்பை ஏற்ற ஜிம் நண்பர்கள் சேர்ந்து போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசியும் அதே ஊசிதான் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. "நாங்க போதைக்குப் போடலையே" என்பார்கள். வைரஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பச்சை குத்துகிற இடத்திலும் ஊசி புதிதா, மை தனியாக ஊற்றப்பட்டதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

சரி, இனி அந்த இன்னொரு விஷயம்.

உலகம் முழுவதும் எச்.ஐ.வி. அதிகம் பரவுவது பாதுகாப்பில்லாத உடலுறவு வழியாகத்தான். ஆணுறை நல்ல தடுப்பு என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அதைக் கையாளும் விதத்தில்தான் கோளாறு. மாதக்கணக்கில் பர்ஸில் மடங்கிக் கிடந்து சூடேறியதை எடுத்துப் பயன்படுத்துவார்கள். பாதுகாப்பு கூடும் என்று இரண்டைச் சேர்த்து மாட்டுவார்கள். உரசிக் கிழிய அதுவே வழி. எண்ணெயோ வாசலினோ தடவினால் லேடெக்ஸ் ரப்பர் சில நிமிடங்களிலேயே பலமிழக்கும், தண்ணீர் சார்ந்த ஜெல்தான் சரி. பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள், அழுத்திப் பார்த்தால் உள்ளே காற்று இருக்க வேண்டும், பல்லால் கடித்துப் பிரிக்கக் கூடாது. உறவின் பாதியில் மாட்டுவதும் தாமதமே. சொல்லக் கூச்சமாக இருக்கலாம். எனக்கு இப்போது இல்லை.

பிறப்புறுப்பில் புண், வெள்ளைப்படுதலில் மாற்றம், சீழ் என்று எது இருந்தாலும் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள். சிபிலிஸ், ஹெர்பீஸ் போன்ற புண்கள் எச்.ஐ.வி.க்கு வாசலைத் திறந்து வைக்கின்றன.

ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை, அல்லது ஒருவர் வன்முறைக்கு ஆளாகிவிட்டார், அல்லது மருத்துவமனை ஊழியருக்கு ஊசி குத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் கடிகாரம் முக்கியம். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டிய தடுப்பு மருந்து ஒன்று உண்டு. பி.இ.பி. என்று மருத்துவரிடம் கேட்டால் போதும். 72 மணி நேரம் என்பது கடைசிக் கெடு. முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால்தான் அதன் முழுப் பலன். உள்ளே போன வைரஸ் முதலில் நுழைந்த இடத்துச் செல்களில்தான் பெருகும். சில நாட்களில் நிணநீர் முடிச்சுகளுக்குப் போய், செல்லின் மரபணுவோடு தன்னைச் சேர்த்துக்கொண்டுவிடும். அதற்குப் பிறகு அதை அகற்ற வழியில்லை. ஆனால் நடப்பது என்ன? சனிக்கிழமை இரவு நடந்தது. ஞாயிறு முழுக்க மனக்குழப்பம். திங்களன்று வேலைக்கு லீவு போட முடியவில்லை. செவ்வாய் இரவோடு கெடு முடிந்துவிடுகிறது. ஆள் வருவது வியாழக்கிழமை. பரிசோதனை மையம் திறக்கும் நேரத்துக்காகக் காத்திருக்கவே வேண்டாம், எந்த நேரமானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். எதிராளிக்குத் தொற்று உண்டா என்று உறுதியாகும் வரை பொறுத்திருக்கவும் தேவையில்லை. மருந்தைத் தொடங்கிவிட்டு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊசி குத்திய இடத்தைப் பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் வைரஸ் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்றுதான். பதறாமல் இருக்க அந்தக் கணக்கு உதவும். மருந்தைத் தவிர்க்க அல்ல.

அடுத்தது ரிப்போர்ட். சம்பவம் நடந்த ஐந்தாம் நாளே டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ் என்று வந்ததை போட்டோ பிடித்து போனில் பத்திரப்படுத்தியிருப்பார் ஒருவர். போன மாதத்து பாஸ்புக்கைப் பார்த்து இன்றைக்குச் செக் கொடுப்பது மாதிரிதான் இது. ஆன்டிஜனையும் (வைரஸின் புரதத் துண்டு) ஆன்டிபாடியையும் (அதற்கு எதிராக உடல் உருவாக்குவது) சேர்த்துப் பார்க்கும் ஆய்வகப் பரிசோதனையிலேயே தொற்று தெரிய 18 முதல் 45 நாள் ஆகலாம். விரலில் குத்தி எடுக்கும் ரேபிட் டெஸ்டில் 90 நாள்கூட ஆகலாம். இந்த இடைவெளியில் சிலருக்கு, பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள், காய்ச்சலும் தொண்டை வலியும் தடிப்பும் வந்து தானாகவே போய்விடும். வைரல் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருப்பதும், அடுத்தவருக்கு மிக எளிதாகப் பரவுவதும் அந்த வாரங்களில்தான். அதனால் ஆலோசகரிடம் போனால் தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். யாருடன், ஏன் என்பதெல்லாம் எங்களுக்கு இரண்டாம் பட்சம். மறுபரிசோதனை முடியும் வரை, வீட்டில் துணையோடும் ஆணுறை அவசியம். என்ன காரணம் சொல்லி ஆணுறை போடுவது என்பதுதான் எங்கள் அறையிலேயே மிக நீளமாகப் போகும் பேச்சு.

தொற்று உள்ளவர்களைக் கண்டு விலகுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு ஆய்வு உண்டு. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் கட்ட முடிவு 2019-இல் வெளிவந்தது. ஒருவருக்குத் தொற்று இருந்து, அவர் மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு (வைரல் லோடு) ஒரு மில்லிலிட்டருக்கு 200 நகல்களுக்குக் கீழ் இருந்த 782 ஆண் ஜோடிகளைக் கவனித்தார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 முறை உறவு. அந்தத் துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவர்கூட இல்லை. 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில் அத்தனையும் வெளியாட்களிடமிருந்து வந்தவை. எனக்கு அந்த 15-தான் அதிகம் யோசிக்க வைத்த எண். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, வைரல் லோடு பார்த்துக்கொள்கிறவரிடம் பயந்து, ஒருமுறைகூட டெஸ்ட் எடுக்காதவரிடம் "ஆள் பார்க்க ஆரோக்கியமா இருக்காரே" என்று தைரியமாக இருக்கிறோம். மருந்து தொடங்கிய அன்றே இந்தப் பாதுகாப்பு வந்துவிடாது. வைரஸ் அந்த அளவுக்குக் குறைய ஆறு மாதம் வரை ஆகலாம், மாத்திரையை இடையில் நிறுத்தினால் மறுபடி ஏறும்.

கர்ப்பிணிகளுக்கும் இதே மருந்துதான். சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவ 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு. சிகிச்சை இருந்தால் 5 சதவீதத்துக்கும் கீழ். முதல் செக்கப்பிலேயே டெஸ்ட் கேட்பது அதற்காகத்தான். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொண்டு டாக்டரோடு சண்டைக்குப் போகும் கணவர்களிடம், நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி உட்கார வைப்பேன். முதல் டெஸ்ட் நெகட்டிவ் ஆகி, கர்ப்ப காலத்திலோ பாலூட்டும்போதோ தொற்று வந்தால் குழந்தைக்கு அபாயம் இன்னும் அதிகம்.

தொற்று இல்லாத ஆனால் அபாயம் தொடர்ந்து இருக்கிறவர்கள் முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை பிரெப். சொன்னபடி தவறாமல் எடுத்தால் உடலுறவு வழித் தொற்றைச் சுமார் 99 சதவீதம் தடுக்கிறது. சிபிலிஸையோ கர்ப்பத்தையோ தடுக்காது. தொடங்கும் முன்னும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம்; தொற்று இருப்பது தெரியாமல் இந்த மாத்திரையை மட்டும் எடுத்தால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். நண்பரிடம் மிச்சமிருந்ததை வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்று யாராவது சொன்னால், அன்றைக்கு முதல் வேலையாக அவருக்கு டெஸ்ட் எடுத்துவிடுகிறோம்.