வங்குரோத்து

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாத நிலை. இலங்கைத் தமிழில் பரவலாக வழங்கும் சொல். தமிழ்நாட்டில் இதைத் திவால் என்பார்கள். 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்பதும் இதுவே.

மூலம் இத்தாலிய மொழியின் 'பங்கா ரோத்தா', அதாவது உடைந்த பலகை. காசு மாற்றும் வணிகர்கள் சந்தையில் பலகை போட்டு உட்கார்ந்து தொழில் செய்த காலத்துச் சொல், அவர்கள் தொழில் முறிந்ததை இப்படிச் சொன்னார்கள். அது போர்த்துக்கேயத்தில் 'பங்கரோட்டா' ஆனது, டச்சில் 'பங்க்ருட்' ஆனது. இரு நாட்டாரும் இலங்கைக் கரையை ஆண்டவர்கள். அவர்கள் வழியாகத்தான் சொல் தமிழுக்கு வந்தது. சிங்களத்தில் 'பங்கொலொத்' என்கிறார்கள். திவால் வந்த வழி வேறு, அது இந்துஸ்தானியின் 'திவாலா'.

நல்ல தமிழில் நொடிப்பு எனலாம். 'வியாபாரம் நொடித்துப்போச்சு' என்று இன்றும் பேசுகிறோமே, அதே சொல்தான்.

வணிகருக்குச் சரி. நாட்டுக்கு? 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன்களைத் தற்காலிகமாகச் செலுத்த முடியாது என்று இலங்கை அறிவித்தபோது 'வங்குரோத்து நாடு' என்ற பேச்சு எங்கும் எழுந்தது. வணிகர் நொடித்தால் நீதிமன்றம் சொத்தை விற்றுக் கணக்கை முடித்துவைக்கும். நாட்டுக்கு அப்படி ஒரு நீதிமன்றம் கிடையாது, கணக்கும் முடியாது. அதனால் நாட்டின் நிலையைக் கடன் தவறுகை என்பதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

அந்தத் தவறுகை ஒரே நாளில் வந்ததல்ல. 2007இல் இலங்கை முதன்முதலாகச் சர்வதேசச் சந்தையில் 50 கோடி டாலருக்குப் பிணைமுறி, அதாவது அரசு எழுதித்தரும் கடன் பத்திரம், விற்றது. சலுகைக் கடன்களைவிட இதற்கு வட்டி அதிகம், தவணைக்காலம் குறைவு, அசலை ஒரே தடவையில் கட்ட வேண்டும். அப்புறம் வாங்கிய கடன்களில் பெரும்பகுதி டாலர் ஈட்டித் தராத வேலைகளுக்கும் பழைய கடனை அடைக்கவும் போனது. 2019இன் வரிக்குறைப்பு அரசின் வருமானத்தைச் சுருக்கியது. அடுத்த ஆண்டு கொரோனா சுற்றுலாவை முடக்கியது. 2022 ஜனவரியில், நாட்டின் டாலர் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த நேரத்திலும், 50 கோடி டாலர் முறி ஒன்றைக் கட்டித் தீர்த்தார்கள். அந்த டாலர் எரிபொருளுக்கும் மருந்துக்கும் போயிருக்க வேண்டியது என்று அப்போதே பொருளியலாளர்கள் வாதாடினார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது.

வெளிநாட்டுக் கடன் வளர்ச்சியை நெரிப்பது இப்படித்தான். ஏற்றுமதியும் வெளிநாட்டு உழைப்பும் கொண்டுவரும் டாலர் வட்டிக்கே போய்விட்டால், இயந்திரம், மூலப்பொருள், டீசல் எதையும் இறக்குமதி செய்ய முடியாது. ஆலை நிற்கும், வேலை போகும், வரி குறையும், அரசு மேலும் கடன் தேடும். ரூபாய் சரிந்தால் அதே டாலர் கடன் ரூபாய்க் கணக்கில் வீங்கும். விலையேற்றத்தை அடக்க 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி தன் வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. கடன் வாங்கித் தொழில் நடத்தும் சிறு முதலாளி அதை எப்படித் தாங்குவார்? அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது.

2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் தந்தது. 2024 டிசம்பரில் பழைய முறிகளில் பெரும்பாலானவை புதிய முறிகளாக மாற்றப்பட்டன. இப்படிப் பழைய கடனின் நிபந்தனைகளை மாற்றிக்கொள்வதற்குக் கடன் மறுசீரமைப்பு என்று பெயர்.