'சாப்பிடவே மாட்டேங்கிறான் டாக்டர்!'

குழந்தை மருத்துவராக நான் தினமும் கேட்கிற புகார் இது. அன்று இதைச் சொன்ன அம்மா கூட்டி வந்திருந்த பையனுக்கு நான்கு வயது, எடை 22 கிலோ. அந்த வயதுப் பையன்களின் சராசரி 16 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பின்கழுத்து கருத்திருந்தது. அழுக்கு என்று தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். அது தேய்த்தால் போகாது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம்.

"காலையில என்ன சாப்பிட்டான்?"

"ஒரே ஒரு இட்லி."

கூட வந்த பாட்டியிடம் கேட்டேன். (பாட்டிகள் எதையும் மறைப்பதில்லை.) எழுந்ததும் மால்ட் பவுடரும் சர்க்கரையும் கலந்த பால், இட்லிக்கு அப்புறம் பிஸ்கட், பதினோரு மணிக்கு டப்பா ஜூஸ். மதியம் பசி எங்கிருந்து வரும்? செல்போனில் கார்ட்டூன் போட்டுச் சோற்றை ஊட்டியிருக்கிறார்கள். திரையைப் பார்க்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது.

பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் குழந்தை முதல் பிறந்தநாளில் சுமார் 9 கிலோ ஆகிறது. அடுத்த வருடம் கூடுவது 2, 2.5 கிலோதான். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையத்தானே செய்யும்? கன்னத்துச் சதை கரைந்து, 5, 6 வயதில் பிள்ளைகள் ஒல்லியாகத் தெரிவது இயல்பு. நாமோ "இளைச்சுட்டான்" என்று பயந்து, அப்போதுதான் திணிக்க ஆரம்பிக்கிறோம்.

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் ஒரு பங்கீடு சொல்வார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. கேட்க எளிது. தட்டில் பாதி இட்லி மிஞ்சும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் கஷ்டம். தலையைத் திருப்பினால் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரைக்கும் தண்ணீர் போதும், பிஸ்கட் வேண்டாம். புதுக் காய் ஒன்றைப் பத்துத் தடவை வைத்த பிறகுதான் தொடுகிற பிள்ளைகளும் உண்டு. "காயைத் தின்னா சாக்லேட்" என்ற பேரம் மட்டும் வேண்டாம். காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்று அவன் புரிந்துகொள்வான்.

பையனைப் பட்டினி போடச் சொல்லவில்லை. இந்த வயதில் பெரும்பாலும் எடையைக் குறைக்க வேண்டியதில்லை. ஏறாமல் பார்த்துக்கொண்டால் உயரம் வந்து ஈடுகட்டும். ஜூஸையும் பவுடரையும் நிறுத்தினோம், சாப்பாட்டு நேரத்தில் செல்போன் இல்லை, சாயங்காலம் மொட்டை மாடியில் பந்து.

ஆறு மாதம் கழித்து வந்தார்கள். எடை அதே 22, உயரம் 3 செ.மீ. கூடியிருந்தது. அம்மாவுக்குத் திருப்தி. பாட்டிதான் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "டாக்டரம்மா, ஒரு டானிக் மட்டுமாவது..." என்று இழுத்தார்.