பெரு அதிபர்: எந்தப் பள்ளிக்கூடத்து அதிபர்?

'பெரு அதிபர் பதவி நீக்கம்' என்று டிவியில் ஓடிய வரியைப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி "எந்தப் பள்ளிக்கூடத்தில?" என்று கேட்டாள். நக்கல்தான், ஆனால் நியாயமான நக்கல். இலங்கையில் அதிபர் என்றால் தலைமையாசிரியர். இங்கே ஆலை அதிபர், தொழிலதிபர். முன்னால் 'பெரு' வேறு வந்து நின்றால் பெருமுதலாளிக்கு அண்ணன் மாதிரி ஒலிக்கிறது.

தென் அமெரிக்க நாடான பெருவில் பேசும் ஸ்பானிய மொழியில் அந்தப் பதவிக்குப் பெயர் பிரெசிதென்தே. அதைத் தமிழில் குடியரசுத் தலைவர் என்றுதான் எழுத வேண்டும் என்பது என் வாதம். லத்தீன் வேரின்படி முன்னால் உட்கார்ந்திருப்பவர், அதாவது கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர், அவ்வளவுதான். அதிபர் வடசொல், மேலிருந்து காப்பவன், ஆள்பவன். 1821ல் லிமாவில் விடுதலையை அறிவித்த சான் மார்ட்டின் 'பெருவின் காவலர்' என்ற பட்டத்தோடு ஆண்டார், அவரை அதிபர் என்றால் நானே ஒத்துக்கொள்வேன். பிரெசிதென்தே என்ற பட்டம் 1823ல் ரீவா அகுவேரோவோடுதான் வந்தது.

'குடியரசுத் தலைவர் என்று எழுதினால் டெல்லியில் கையெழுத்துப் போடுகிறவர் நினைவுக்கு வருவார், பெருவில் இருப்பவருக்கு நிஜ அதிகாரம் உண்டு, அதனால் அதிபர்' என்பது எதிர்த்தரப்பு வாதம். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதிகாரத்தின் அளவைப் பார்த்தா பட்டத்தை மொழிபெயர்ப்பது? அப்படியே பார்த்தாலும், 2022 டிசம்பர் 7 அன்று அப்போது அந்தப் பதவியில் இருந்த பெத்ரோ காஸ்தியோ நாடாளுமன்றத்தைக் கலைப்பதாக அறிவித்தார், சில மணி நேரத்தில் அதே நாடாளுமன்றம் 101 ஓட்டுப் போட்டு அவரை வீட்டுக்கு அனுப்பியது, வீட்டுக்குக்கூட இல்லை, அன்றே கைது. 2020 நவம்பரில் பதவியேற்ற மெரினோ ஆறாம் நாளே விலகினார். இவர்களா அதிபதிகள்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த நாட்டில் அமைச்சரவைக்கு ஒரு பிரெசிதென்தே, நாடாளுமன்றத்துக்கு ஒருவர், நீதித்துறைக்கு ஒருவர். 2015 வரை வட்டார அரசுகளின் தலைவர்களுக்கும் இதே பெயர்தான், அப்புறம்தான் அவர்களை ஆளுநர் ஆக்கினார்கள். 'தலைவர்' என்று பிடித்துக்கொண்டால் குடியரசுத் தலைவர், அமைச்சரவைத் தலைவர், நாடாளுமன்றத் தலைவர் என்று எல்லாம் வரிசையாக வந்துவிடும். அதிபரைப் பிடித்துக்கொண்டவர்கள் 'அமைச்சரவை அதிபர்' என்று எழுத முடியாமல் ஒருவரைப் பிரதமர் ஆக்குகிறார்கள், இன்னொருவரைச் சபாநாயகர் ஆக்குகிறார்கள். அதுகூடத் தேவலை. நாடாளுமன்றத்துக்கு அங்கே காங்கிரஸ் என்று பெயர். மெரினோ பதவியேற்ற நேரத்தில் 'பெரு காங்கிரஸ் தலைவர் அதிபரானார்' என்று ஒரு செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "எந்தக் கோஷ்டி?" என்றார்.

ஜனாதிபதியும் வடசொல்தான், உள்ளே அதே அதிபதிதான், ஆனால் ஜனமாவது கூட இருக்கிறது, பள்ளிக்கூடத்தோடும் ஆலையோடும் குழம்பாது. என் கண்ணில் அதற்கு இரண்டாம் இடம். 'பெரு நாட்டுக் குடியரசுத் தலைவர்' என்றால் தலைப்பில் இடம் பற்றாது என்கிறீர்களா, சரி, ஆளின் பெயரை மட்டும் போடுங்கள். அச்சாகி வருவதற்குள் ஆள் மாறாமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.