மலையேறும்போது திணறும் டீசல் பிக்கப்: கோளாறு எங்கே?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஊருக்குள் குறையேதும் காட்டாத பழைய டீசல் பிக்கப், உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இந்தப் பாதையில் ஏறும்போது, சில வளைவுகளிலேயே இழுவை குறைந்து திணறுவதுண்டு. உடனே பழி எஃப்.ஐ. பம்பின் (டீசலை உயர் அழுத்தத்தில் நாசிலுக்கு அனுப்பும் பம்பின்) மேல்தான் விழும். அதைக் கழற்றிக் கடைக்கு அனுப்புவதற்கு முன், டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் வரும் பாதையைச் சோதித்துவிடுவதே முறை. கோளாறு அங்கே இருப்பதற்கே வாய்ப்பு அதிகம், செலவும் சொற்பம்.

முதலில் கவனிக்க வேண்டியது புகை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும் டர்போ இல்லாத இன்ஜினுக்குள் அந்த அளவுக்குக் காற்று குறைவாகப் போகிறது. பழைய பம்ப் அனுப்பும் டீசலோ குறைவதில்லை. எனவே உயரம் கூடக்கூடக் கரும்புகையோடு இழுவை குறைந்தால், டீசல் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஏர் ஃபில்டரையும், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலையும் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தும் புகையில்லாமல் வண்டி சோர்ந்தால் டீசல் பற்றாக்குறை என்று சந்தேகிக்கலாம். ஸ்டார்ட் செய்யும்போதும் இதே கணக்குதான்: செல்ஃப் சுற்றியும் சைலன்சரில் சிறிதும் புகை வராவிட்டால், டீசல் சிலிண்டருக்குப் போகவே இல்லை.

ஃபீட் பம்ப் இன்ஜினருகே இருந்து, பின்னாலுள்ள டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. இந்த உறிஞ்சு குழாயின் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு என்பதுதான் இங்கே முக்கியம். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்தால் இளநீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே வரும். வெடித்த ரப்பர் ஹோஸிலும் அப்படியே. கீழே ஒரு சொட்டு ஈரம் இராது, ஆனால் மெக்கானிக்குகள் சொல்வதுபோல லைன் ‘ஏர் இழுக்கும்’. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் நாசில் திறக்க 200 பார் அளவிலான அழுத்தம் வேண்டும். டீசல் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். பம்புக்குள் குமிழி புகுந்தால் அதை அமுக்குவதிலேயே டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சரின் வீச்சு வீணாகி, நாசில் திறவாமல் போகும்.

இரவில் வண்டியை முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதும், பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினால் உடனே எடுப்பதும் இந்தக் கசிவின் அடையாளம்; முதல் நிலையில் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடுகிறது. உறுதிசெய்ய, ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். தொடர்ந்து குமிழிகள் ஓடினால் கசிவு அதற்குப் பின்னால், டேங்க் பக்கத்தில் இருக்கிறது. குழாயை இணைக்கும், நடுவே துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது நம் பட்டறைகளில் சாதாரணம். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் அந்த இணைப்பே காற்றுக்கு வழியாகிவிடுகிறது.

குமிழி இல்லாமலும் பம்புக்கு டீசல் வரத்து குறையலாம். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, சிறிது தூரத்தில் வண்டி திணறும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று இழுபட்டு, வண்டி தெளிந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. இல்லையென்றால், சுத்தமான டீசல் கேனைப் பம்பைவிட உயரத்தில் பத்திரமாகக் கட்டி, அதிலிருந்து ஃபீட் பம்புக்கு நேராகக் குழாய் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். இழுவை திரும்பினால் கோளாறு டேங்கிலோ, அதிலுள்ள வடிகட்டி வலையிலோ, குழாயிலோ இருக்கிறது. திரும்பாவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியவை டீசல் ஃபில்டரும் ஃபீட் பம்பும்.

ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் பிடித்தால், தண்ணீர் கனமானதால் டீசலுக்கு அடியில் தனியே நிற்கும். பழுப்பு நிற வழுவழுப்பும் கூட வந்தால், அது டீசலும் நீரும் சந்திக்கும் பரப்பில் வளரும் நுண்ணுயிர்களின் வேலை. ஃபில்டரை மட்டும் மாற்றினால் சில நாளில் மறுபடி அடைக்கும்.

இவை அனைத்தும் சரியாக இருந்த பிறகே பம்பைக் கழற்ற வேண்டும். பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளையான பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு) மட்டுமே; அழுக்கு புகுந்தால் தாங்காது. எனவே டேங்கில் தண்ணீரோ துருவோ இருந்திருந்தால், டேங்கைக் கழுவி, குழாய்களை ஊதிச் சுத்தம் செய்த பின்னரே சரிபார்த்த பம்பை மாட்ட வேண்டும்.